தும்கூர் ரோடும் வயிற்றுப் பிள்ளையும்

பெங்களூரின் பீன்யாவில் இப்போது பிள்ளை பெறுகிறவர்கள் இரண்டாம் தலைமுறை. சில வீடுகளில் மூன்றாம் தலைமுறை. மாமியார் தர்மபுரி, கிருஷ்ணகிரி, வேலூர்ப் பக்கத்திலிருந்து புருஷனோடு பஸ் ஏறி வந்தவர். மருமகள் லக்கேரேயிலோ ராஜகோபால் நகரிலோ வளர்ந்து, கன்னடப் பள்ளியில் படித்து, கார்மென்ட்ஸில் டைலராக இருப்பவர். கைக்குழந்தைக்கு என்ன செய்கிறது என்று கேட்டால் இரண்டு பேரும் சொல்வது ஒன்றுதான்: நெஞ்சில சளி கட்டிக்கிச்சு, மூச்சு இழுக்குது, பால் குடிக்க மாட்டேங்குது. காரணம் மட்டும் மாறியிருக்கிறது. மாமியார் காலத்தில் "பெங்களூர்ப் பனி புள்ளைக்கு ஒத்துக்கல" என்றார்கள். இன்று மருமகள், டாக்டர் சொன்னதைக் கேட்டு, "டஸ்ட் அலர்ஜி" என்கிறார். வயிற்றில் பிள்ளை இருந்த மாதங்களில் நீ எந்தக் காற்றைச் சுவாசித்தாய் என்று இந்த இருவரிடமும் யாரும் கேட்டதில்லை.

பீன்யா தொழிற்பேட்டை 1970-களின் பிற்பாதியில் உருவானது. பீன்யா இண்டஸ்ட்ரீஸ் அசோசியேஷன் தொடங்கியது 1978-ல். பக்கத்து ஜாலஹள்ளியில் அதற்கு முன்பே பி.இ.எல்., எச்.எம்.டி. போன்ற பெரிய அரசுத் தொழிற்சாலைகள் இருந்தன. அங்கே அகலமான தெருக்கள், வரிசையாக மரங்கள், தொழிலாளிக்கு குவார்ட்டர்ஸ். பீன்யாவில் வந்தவை ஷெட்டுகள். லேத் பட்டறை, ஃபவுண்டரி, பிளேட்டிங், பவுடர் கோட்டிங், பெயின்டிங், பிறகு கார்மென்ட்ஸ் என்று ஆயிரக்கணக்கில் பெருகின. அங்கே வேலை செய்தவர்களுக்கு வீடு கட்டித்தர யாரும் நினைக்கவில்லை. ஷெட்டுக்குப் பின்னால், ஏரிக்கரையில், ராஜகால்வாய் எனப்படும் வடிகால் ஓரத்தில் அவர்களே ஒண்டிக்கொண்டார்கள். தொழிற்சாலைக் காற்றும் வீட்டுக் காற்றும் அங்கே தொடக்கத்திலிருந்தே ஒன்றுதான்.

அந்த ஒற்றை அறை லைன் வீட்டுக்குள் இன்னொரு புகையும் இருந்தது. ரேஷனில் சீமெண்ணெய் கிடைத்தால் திரி ஸ்டவ். கிடைக்காத வாரத்தில் பேக்கிங் பெட்டிச் சட்டங்களும் மரத்தூளும் எரியும். குளிக்க வெந்நீர் வாசலில் விறகடுப்பில் காயும். பிரசவம் முடிந்து வாணி விலாஸ் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தால் பச்சை உடம்புக்குக் குளிர் ஆகாது என்று ஜன்னலைத் துணி வைத்து அடைப்பார்கள். சட்டியில் கங்கு, அதன்மேல் சாம்பிராணி. தலைக்கு ஊற்றிய பிள்ளையின் முடியை அந்தப் புகையில் காட்டி உலர்த்துவார்கள். அன்போடு செய்ததுதான் எல்லாம். மூடிய அறையில் கங்கும் சாம்பிராணியும் ஒரு மாதக் குழந்தையின் நுரையீரலுக்கு என்ன செய்யும் என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

வெளியே தும்கூர் ரோடு. கலப்பட டீசலில் கரும்புகை கக்கும் லாரிகள், எண்ணெய் கலந்த பெட்ரோலில் ஓடும் டூ-ஸ்ட்ரோக் ஆட்டோக்கள். பெட்ரோலில் ஈயம் கலப்பது நாடு முழுவதும் நின்றது 2000-ம் ஆண்டில்தான். அதுவரை இந்த ரோட்டோரம் கர்ப்பமாக இருந்த ஒவ்வொரு பெண்ணும் புகையோடு ஈயத்தையும் சேர்த்தே சுவாசித்தார்.

அந்தக் காலத்து பீன்யாவின் காற்று எப்படி இருந்தது என்பதற்கு நம்பி எடுத்துச் சொல்லத்தக்க தொடர் அளவீடு இல்லை. ஆனால் பெங்களூர்க் குழந்தைகளின் நெஞ்சு எப்படி இருந்தது என்பதற்கு ஒரு பதிவு உண்டு. குழந்தைகள் நுரையீரல் மருத்துவர் எச். பரமேஷ், தம் மருத்துவமனைக்கு வந்த 18 வயதுக்குட்பட்ட 20,000 பேரின் கணக்கை வைத்துச் சொன்னது அது. ஆஸ்துமா இருந்தவர்கள் 1979-ல் 9 சதவீதம். 1984-ல் 10.5, 1989-ல் 18.5, 1994-ல் 24.5, 1999-ல் 29.5. மருத்துவமனைக்கு வருகிறவர்களே நோயோடு வருகிறவர்கள் என்பதால் இதை ஊர் முழுவதற்குமான கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது. ஆஸ்துமா என்று அடையாளம் காணும் பழக்கமும் அந்த இருபது ஆண்டுகளில் கூடியிருக்கும். அவர் பள்ளிகளிலும் ஆய்வு செய்தார். வண்டி நெரிசல் குறைந்த பகுதிப் பள்ளிகளில் 11.15 சதவீதக் குழந்தைகளுக்கு ஆஸ்துமா. நெரிசல் மிகுந்த பகுதியில் 19.34, நெரிசலும் வறுமையும் சேர்ந்த பகுதியில் 31.14. இந்த மூன்றாவது எண்ணைப் படிக்கும்போது எனக்கு பீன்யாவின் குறுக்குத் தெருக்கள்தான் நினைவுக்கு வருகின்றன. அங்கே நெரிசலும் வறுமையும் ஒரே முகவரியில் இருக்கின்றன.

நல்லவை நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். சீமெண்ணெய் ஸ்டவ் பரணுக்குப் போய், பிறகு காயலான் கடைக்கும் போய்விட்டது. இன்றைய மருமகளுக்குச் சமையல் என்றால் சிலிண்டர்தான். 2020 ஏப்ரலிலிருந்து பி.எஸ்-6 வண்டிகளும் அதற்கேற்ற சுத்தமான டீசலும் வந்தன. நிமோனியாவுக்கு எதிரான பி.சி.வி. தடுப்பூசி 2021-ல் நாடு முழுவதும் அரசு அட்டவணையில் சேர்ந்து, அங்கன்வாடி வாசலிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. 2014 மார்ச்சில் பீன்யாவுக்கும், 2015 மே மாதத்தில் நாகசந்திராவுக்கும் மெட்ரோ வந்தது. மாமியார் காலத்தில் இரண்டே நாளில் பிள்ளையை வாரிக்கொண்டு போன நிமோனியாவை இன்று பெரும்பாலும் பிடித்து நிறுத்திவிடுகிறார்கள். இந்த மாற்றத்தைச் சின்னதென்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் புகை போகவில்லை, அதன் இடம் மாறியிருக்கிறது. முன்பு பாதி வீட்டுக்குள் இருந்தது, பாதி ரோட்டில். வீட்டிலிருந்ததை கேஸ் துரத்திவிட்டது. ரோட்டிலிருந்தது வளர்ந்தது. பெங்களூரில் பதிவான வண்டிகள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. ஒவ்வொரு வண்டியும் முன்னைவிடச் சுத்தமாக இருந்தாலும் மொத்தக் கணக்கு தாய்க்குச் சாதகமாக இல்லை.

ஒரு நிகழ்ச்சியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கொரகுண்டேபாளையாவிலிருந்து நாகசந்திரா வரை தும்கூர் ரோட்டுக்கு மேலே போகும் மேம்பாலத்தில், 2021 டிசம்பரில், தூண்களுக்கிடையே கேபிள்கள் பழுதானது தெரிந்து பாலத்தை மூடினார்கள். 2022 பிப்ரவரியில் கார், பைக் போன்றவற்றை மட்டும் மேலே விட்டார்கள். லாரியும் பஸ்ஸும் மறுபடி பாலம் ஏறியது 2024 ஜூலை இறுதியில். இடையில் இருந்த இரண்டரை ஆண்டுகள், தும்கூர் வழியாகப் பெங்களூருக்குள் வரும் கனரக வண்டிகள் அத்தனையும் பாலத்துக்குக் கீழே, சர்வீஸ் ரோட்டில் ஊர்ந்தன. செய்திகள் எல்லாம் நெரிசலைப் பற்றி, தாமதத்தைப் பற்றி, தொழிற்சாலைகளுக்குச் சரக்கு வராத நஷ்டத்தைப் பற்றி. எல்லாம் நியாயமான கவலை. கீழே ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிறவர்கள், தள்ளுவண்டியில் கீரை வாங்குகிறவர்கள், ஷிஃப்ட் முடிந்து ரோடு தாண்டக் காத்திருக்கும் நிறைமாத வயிறுகள் பற்றி யாரும் கணக்கெடுத்ததாக நான் பார்க்கவில்லை.

ஷிஃப்ட் விடும் நேரத்தில் அங்கே நின்று பார்த்தால் புரியும். கார்மென்ட்ஸ் கேட் திறந்ததும் பெண்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வருகிறார்கள். தலைமுடியிலும் துப்பட்டாவிலும் பஞ்சுத் தூசி. மேலே ஒரு பக்கம் மேம்பாலம், இன்னொரு பக்கம் மெட்ரோ பாதை. நடுவில் காற்று போக இடமில்லாமல் புகை தேங்குகிறது. லாரி முதல் கியரில் உறுமிக்கொண்டு நகரும்போது அதன் சைலன்சர் நடந்து போகிறவர் இடுப்பு உயரத்துக்குக் கீழே இருக்கிறது. ஒரு கையில் டிபன் பை, மறு கையால் முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கர்ப்பிணி கடக்கிறார். முந்தானை தூசியை ஓரளவு தடுக்கும். நோய்க்குக் காரணமான நுண்துகள் அதன் நெசவுக்குள் தாராளமாகப் புகுந்துவிடும்.

அந்த நுண்துகளைத்தான் பி.எம். 2.5 என்கிறார்கள், தலைமுடியின் குறுக்களவில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. இன்று பீன்யாவிலேயே தானியங்கி அளவீட்டு நிலையம் இருக்கிறது, எண்ணை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெங்களூரின் ஆண்டுச் சராசரி இந்திய வரம்பான கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராமுக்குக் கீழேதான் இருந்துவருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வைத்த அளவு 5. பெங்களூர் அதைப்போல் பல மடங்கு. 'டெல்லிக்கு நாம எவ்வளவோ தேவலை' என்பது இந்த ஊரில் எல்லோரும் சொல்லும் பேச்சு. 2024-ல் லான்செட் பிளானட்டரி ஹெல்த் இதழில் பத்து இந்திய நகரங்களைப் பற்றி வந்த ஆய்வு அந்த நிம்மதியைக் கலைக்கிறது. நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால் அன்றாட மரணம் சராசரியாக 1.42 சதவீதம் கூடுகிறது, பெங்களூரில் 3.06 சதவீதம். காற்று ஓரளவு நன்றாக இருக்கும் ஊரில் சிறிய கூடுதலும் உடம்பைப் பலமாகத் தாக்குகிறது.

கர்ப்பத்தில் இதன் கணக்கே வேறு. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது ஒரு பெண் நிமிடத்துக்கு உள்ளிழுக்கும் காற்று, வழக்கத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுகிறது. இரண்டு உயிருக்கு வேண்டிய பிராணவாயு அது. அதே ரோட்டில் பக்கத்தில் நிற்கும் கணவனைவிட அவருக்குள் போகும் புகை அதிகம். அந்தத் துகள் நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை. பெல்ஜியத்தின் ஹாசெல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல், தொப்புள்கொடி சேரும் பக்கத்தில், அதாவது நஞ்சுக்கொடியின் பிள்ளைப் பக்கத்திலேயே கரித்துகள்களைக் கண்டார்கள். 2022-ல் ஸ்காட்லாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து, முதல் ஐந்து மாதங்களுக்குள்ளான கருவின் நுரையீரலிலும் ஈரலிலும் மூளையிலும் கண்டார்கள். ஒரு முறைகூட மூச்சு விடாத நுரையீரலில் புகைக்கரி.

நுரையீரல் வளரும் வேகம் தெரிந்தால் கவலை கூடும். நாலாவது வாரத்தில் அது ஒரு மொட்டு. பதினாறு, பதினேழு வாரத்துக்குள் மூச்சுக்குழாய்கள் கிளைவிட்டுப் பிரிந்து முடிந்துவிடுகின்றன. காற்றுப் பைகள் கடைசி மாதத்திலும் பிறந்த பிறகும் பெருகுகின்றன. குழாய்க் கிளைகள் அமைவது அந்த முதல் நாலு மாதத்தில்தான், பிறகு புதிதாக வராது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில், ஐந்து வாரமே ஆன 241 ஆரோக்கியமான குழந்தைகளைத் தூக்கத்தில் வைத்து மூச்சை அளந்தார்கள்; 2009-ல் முடிவு வெளியானது. கர்ப்பத்தில் தாய் சுவாசித்த காற்றில் துகள் கூடக்கூட, அந்தப் பிள்ளை அதே வேலைக்கு அதிகக் காற்றை இழுத்து விட வேண்டியிருந்தது. பெர்ன், பீன்யாவோடு ஒப்பிடவே முடியாத சுத்தமான ஊர்.

தமிழ்நாட்டிலும் அளந்திருக்கிறார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவில் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர், நகரிலும் கிராமத்திலுமாக 1,285 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 2018-ல் சொன்னது: நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால் பிள்ளையின் எடை 4 கிராம் குறைகிறது, எடை குறைந்து பிறப்பது 2 சதவீதம் கூடுகிறது. நாலு கிராம் அற்பமாகத் தெரியலாம். அடுப்புப் புகை நிறைந்த வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் நூறு மைக்ரோகிராம்கூட வித்தியாசம் இருக்கும் என்பதையும், எடை குறைந்த பிள்ளைக்கே முதல் ஆண்டில் நெஞ்சு நோய் அதிகம் வரும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் அடுப்பை மாற்றினால் போதுமா? இதையும் நேர்மையாகச் சோதித்தார்கள். இந்தியா, குவாதமாலா, பெரு, ருவாண்டா என நாலு நாட்டில் சுமார் 3,200 கர்ப்பிணிகள். இந்தியாவுக்கு எடுத்த இடம் தமிழ்நாட்டுக் கிராமங்கள். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசம். அடுப்பு பெறாதவர்கள் சுவாசித்த நுண்துகள் 70 என்றால், இவர்களுக்கு அது 24-தான். ஆனால் 2022-ல் பிறப்பு எடையின் முடிவு வந்தபோது இரு பிரிவுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. 2024-ல் குழந்தைகளின் கடும் நிமோனியா பற்றிய முடிவிலும் அப்படியே. இதை வைத்து 'புகையால் ஒன்றுமில்லை' என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. அந்தப் பெண்களை ஆய்வில் சேர்த்ததே கர்ப்பத்தின் ஒன்பதாவது வாரத்துக்கும் இருபதாவது வாரத்துக்கும் இடையில், அடுப்பு கிடைத்தது அதற்குப் பிறகு. மூச்சுக்குழாய் கிளைவிடும் காலம் பலருக்கு அதற்குள் கடந்தேவிட்டது. கேஸ் வந்த பிறகும் மிஞ்சிய 24 என்பது பெங்களூர்த் தெருக்காற்று அடுப்பே இல்லாமல் ஒரு பெண்ணுக்குக் கொடுப்பதை ஒட்டிய அளவு. ஆயுள் முழுக்க கேஸில் சமைத்த பீன்யா மருமகள், அந்த ஆய்வில் உதவி பெற்ற கிராமத்துப் பெண் வந்து சேர்ந்த இடத்தில்தான் இன்று நின்றுகொண்டிருக்கிறார். அதற்குக் கீழே இறங்க அவர் அடுப்பில் வேறு திருகு இல்லை.

வீட்டுக்குள் மிச்சம் இருக்கும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்: கொசுவத்தி. கால்வாய் ஓரத்தில் குடியிருந்தால் கொசு இல்லாமல் இருக்குமா? ஒரு கொசுவத்திச் சுருள் முழுவதும் எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003-லேயே கணக்கிட்டிருக்கிறார்கள். ஜன்னலைச் சாத்திவிட்டுத் தொட்டிலுக்கடியில் அது விடிய விடியப் புகைகிறது. வலை கட்டினால் செலவு ஒரு தடவைதான். சாம்பிராணியையும் பாட்டிகள் விட்டுவிடலாம். முடியைத் துணியால் துடைத்து வெயிலில் காட்டினாலே உலரும். "எங்க காலத்துல எல்லாப் புள்ளைக்கும் போட்டோம், நல்லாத்தானே இருக்கு" என்று மாமியார் சொல்வார். அந்தக் காலத்தில் எத்தனை பிள்ளைகள் நெஞ்சு சளியில் போயின என்று, பழி சொல்லும் குரல் இல்லாமல், அவரிடமே கேட்டால் ஞாபகமாகச் சொல்வதும் அவர்தான்.

பிறந்த பிள்ளையின் மூச்சை எண்ணவும் ஒவ்வொரு தாயும் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்கா செய்வது இதைத்தான். பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து, முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 60-ஐத் தொட்டால், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50-ஐத் தொட்டால் அது வேக மூச்சு. விலாவுக்குக் கீழே சதை உள்ளே இழுத்தால் எண்ணிக்கொண்டுகூட இருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ஆனால் இத்தனை அறிவுரையும் தாய்க்கே போவது எனக்குப் பொறுக்கவில்லை. மாஸ்க் போடு, நெரிசல் நேரத்தில் போகாதே, ரோட்டோரம் நிற்காதே. ஷிஃப்ட் நேரத்தை அவரா வைத்தார்? லாரி எந்த நேரத்தில் எந்தத் தெருவுக்குள் வரலாம் என்று அவரா தீர்மானித்தார்? கரண்ட் போனதும் தெருவைப் பார்த்துப் புகை விடும் ஜெனரேட்டர் அவருடையதா? சட்டம் நல்ல மனதோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. 2017 திருத்தத்துக்குப் பிறகு பிரசவ விடுப்பு 26 வாரம். அதில் பிரசவத்துக்கு முன்னால் எடுக்கக்கூடியது அதிகபட்சம் 8 வாரம். அதாவது ஏறத்தாழ 32-வது வாரம் வரை அவர் மெஷினில் உட்கார வேண்டும், அந்த ரோட்டைத் தாண்ட வேண்டும். பிள்ளையின் மூச்சுக்குழாய்கள் 17-வது வாரத்திலேயே அமைந்துவிட்டன. விடுப்பு தொடங்கும்போது அந்தக் குழாய்களில் புகை தன் வேலையை முடித்துவிட்டிருக்கிறது.

கர்நாடகத்தில் கர்ப்பிணிக்குக் கொடுக்கும் தாய் கார்டில் எடை, ரத்தம், பிரஷர், சர்க்கரை, ஊசி எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. எங்கே வேலை, எந்த ரோட்டில் எவ்வளவு நேரம், பக்கத்தில் ஃபவுண்டரியா பிளேட்டிங்கா என்று கேட்கும் கட்டம் இல்லை. 12 வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று ஆஷாக்கள் வீடு வீடாகப் போகிறார்கள், பெரும்பாலான பெண்கள் வரவும் செய்கிறார்கள். மூச்சுக்குழாய்கள் கிளைவிடும் காலத்துக்குள்தான் அதுவும் வருகிறது. அந்த முதல் வருகையிலேயே இந்தக் கேள்வியைக் கேட்டால், கேட்டை ஒட்டிய வரிசையிலிருந்து உள்பக்க ஜன்னல் வரிசைக்கு மாற்றுவது, லாரி நெரிசலுக்கு அரை மணி முன்னால் ஷிஃப்டை விடுவிப்பது, பெயின்டிங் செக்‌ஷனிலிருந்து செக்கிங்குக்கு அனுப்புவது எல்லாம் தொழிற்சாலைக்குச் செலவே இல்லாத காரியங்கள். பீன்யாவின் கார்மென்ட்ஸ் பெண்களின் சம்பளத்திலிருந்து மாதாமாதம் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள், பரிசோதனைக்கு அவர்கள் போவதும் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குத்தான். அங்கே உட்கார்ந்திருக்கும் டாக்டர், 12-வது வாரத்தில், 'இவரை இந்த இடத்திலிருந்து மாற்றவும்' என்று கம்பெனி கட்டுப்பட வேண்டிய ஒரு சீட்டு எழுத அதிகாரம் கொடுக்க வேண்டும். அதற்குப் புதுக் கட்டடமோ புதுத் திட்டமோ வேண்டாம், விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும்.